பிக் டென் பல்டி அடிச்சாச்சு: தொற்றுக்காலத்துல கல்லூரி ஃபுட்பால் ஆடலாமா?

நாலாவது டவுன் · 17 செப்டம்பர் 2020

ஆகஸ்ட் 11 அன்னிக்கு "இந்த சீசன் கிடையாது"ன்னு சொன்ன பிக் டென் (அமெரிக்கன் ஃபுட்பால் ஆடற கல்லூரிகளோட ஒரு கூட்டமைப்பு, அதாவது கான்ஃபரன்ஸ்), நேத்து குட்டிக்கரணம் போட்டுடுச்சு. அக்டோபர் 23-24ல ஆரம்பம். எட்டு வாரம், எட்டு ஆட்டம், நடுவுல ஓய்வு வாரம் ஒண்ணுகூடக் கிடையாது. டிசம்பர் 19 சாம்பியன்ஷிப். அதே ஆகஸ்ட் 11ல கடையைச் சாத்தின இன்னொரு கான்ஃபரன்ஸ் பேக்-12 இன்னும் தேதி சொல்லலை. ஏசிசியும் பிக் 12உம் போன வாரமே இறங்கியாச்சு. எஸ்இசி 26ஆம் தேதி இறங்குது, பத்து ஆட்டம், எல்லாம் தங்களுக்குள்ளேயே.

என் கட்சி: ஆடலாம். ஆகஸ்டுல வேணாம்னதும் சரி, இப்ப வேணும்ங்கறதும் சரி. நடுவுல மாறினது டெஸ்ட். கோடையில பிசிஆருக்கு மூக்குல குச்சி விட்டுட்டு வந்தா, பல ஊர்ல முடிவு வர ஒரு வாரம் ஆச்சு. பாசிட்டிவ்னு தெரியறதுக்குள்ள அந்தப் பையன் லாக்கர் ரூம்ல நாலு நாள் உட்கார்ந்திருப்பான். இப்ப கால் மணி நேரத்துல முடிவு சொல்ற ஆன்டிஜென் டெஸ்ட் வந்தாச்சு. பிக் டென்ல செப்டம்பர் 30லேருந்து ஆட்டக்காரர், கோச், ட்ரெய்னர், மைதானத்துல கால் வைக்கிற எல்லாருக்கும் தினமும் டெஸ்ட்.

ரெண்டே விதி. தேர்தலை இழுக்காதீங்க. "வெறும் ஃப்ளூதானே"ன்னு ஆரம்பிக்காதீங்க.

புதுக்குடித்தனம் · 17 செப்டம்பர் 2020

அசட்டுக் கேள்வின்னா மன்னிக்கணும். ஒரே நாடு, ஒரே விளையாட்டு. ஒருத்தர் ஆடறாங்க, ஒருத்தர் மாட்டேங்கறாங்க. மேல கேக்கறதுக்கு ஆளே இல்லையா?

திண்ணைவாசி · 17 செப்டம்பர் 2020

இல்லை. மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடர், கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏவுக்குச் சொந்தம். அதனால் மார்ச் 12 அன்று ஒரே அறிவிப்பில் அதை மூட முடிந்தது. உயர்மட்ட ஃபுட்பாலின் சாம்பியன் பட்டம் என்சிஏஏ நடத்துவதே அல்ல. கான்ஃபரன்ஸ்கள் தங்களுக்குள் சேர்ந்து நடத்தும் ப்ளேஆஃப் அது. தொலைக்காட்சிப் பணமும் அவர்கள் வழியாகத்தான் வருகிறது. ஆகவே முடிவும் அவரவர் முடிவு. ஐவி லீக் ஜூலை 8லேயே இலையுதிர்கால விளையாட்டு அனைத்தையும் நிறுத்தியது. உயர்மட்டத்தில் முதலில் விலகிய கல்லூரி கனெக்டிகட், ஆகஸ்ட் 5. முதலில் ஒதுங்கிய கான்ஃபரன்ஸ் மேக், ஆகஸ்ட் 8.

என்சிஏஏ உருப்படியாகச் செய்தவை இரண்டு. "எனக்குத் தொற்று வந்தால் கல்லூரி பொறுப்பல்ல" என்று ஆட்டக்காரரிடம் எழுதி வாங்கக் கூடாது என்றது. இந்த ஆண்டு ஆடினாலும் ஆடாவிட்டாலும் கல்லூரிக்காக ஆட அனுமதிக்கும் ஆண்டுக் கணக்கில் ஓர் ஆண்டு குறையாது என்றது. இரண்டாவது மிகவும் முக்கியம். ஒதுங்கிக்கொள்ள நினைக்கும் பையனுக்கு அது இல்லையென்றால் வாழ்க்கையில் ஒரு வருடம் போய்விடும்.

என் கட்சி எதிர்க்கட்சி. காரணம் மருத்துவம் மட்டும் அல்ல. சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம் வகுப்பு திறந்து ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, இளங்கலை வகுப்புகளை முழுக்க இணையத்துக்கு மாற்றியது. ஃபுட்பால் பயிற்சி தொடர்ந்தது. பொருளாதாரம் படிக்கிற பையனுக்கு ஆபத்தான வளாகம், அதே வகுப்பில் லைன்பேக்கராக இருக்கும் பையனுக்கு ஆபத்தில்லையா? தொழில்முறை என்எஃப்எல்லில் சங்கம் இருக்கிறது, பேரம் பேசினார்கள். ஒதுங்க விரும்பியவருக்கு 1,50,000 டாலர் முன்பணம், நோய்ப் பின்னணி இருந்தால் 3,50,000. கல்லூரியில் பேக்-12 ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 2 அன்று கோரிக்கைப் பட்டியல் வெளியிட்டார்கள். ஒன்பது நாளில் சீசனே போயிற்று.

நாலாவது டவுன் · 17 செப்டம்பர் 2020

திண்ணையாரே, அதே ஆட்டக்காரங்கதான் "ஆடணும்"னும் கேட்டாங்க. கிளெம்சன் ட்ரெவர் லாரன்ஸ் முன்னாடி நின்னாரு. ஒஹையோ ஸ்டேட் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் போட்ட மனுவுல 3 லட்சத்துக்கு மேல கையெழுத்து. நெப்ராஸ்கா பசங்க எட்டு பேர் பிக் டென் மேல கேஸே போட்டாங்க.

திண்ணைவாசி · 17 செப்டம்பர் 2020

இரண்டு குழுவும் கேட்டது ஒன்றுதான்: முடிவெடுக்கும் மேசையில் ஒரு நாற்காலி. லாரன்ஸ் வெளியிட்ட அறிக்கையிலேயே ஆட்டக்காரர் சங்கம் பற்றி ஒரு வரி இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

பிசிஆர் பித்தன் · 18 செப்டம்பர் 2020

"தினமும் டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு அணியில் கோச், ஊழியர் எல்லாம் சேர்த்து 170 பேர் என்று வையுங்கள். அன்று உண்மையிலேயே தொற்றுள்ளவர் 0.5 சதவீதம், அதாவது 0.85 ஆள். ஆன்டிஜென் டெஸ்ட் தொற்றுள்ளவரில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, தொற்றில்லாதவரில் 99.5 சதவீதத்தை நெகட்டிவ் என்று சரியாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல டெஸ்டுக்கே இந்த எண்தான். கிடைப்பது: நிஜ பாசிட்டிவ் 0.68, பொய் பாசிட்டிவ் 0.85. வருகிற பாசிட்டிவில் பாதிக்கு மேல் பொய். ஒரு வாரத்துக்கு ஆறு பேர் சும்மாவே மாட்டுவார்கள். அதனால்தான் ஆன்டிஜென் பாசிட்டிவ் வந்த உடனே பிசிஆரில் உறுதி செய்ய வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அந்த பிசிஆர் முடிவு சில மணி நேரத்தில் வரும்படி ஆய்வகத்தோடு ஒப்பந்தம் இல்லாத கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி நரகம்.

பொய் நெகட்டிவ்தான் இன்னும் மோசம். தொற்றிய முதல் இரண்டு மூன்று நாள் எந்த டெஸ்டும் பிடிக்காது. தினமும் செய்வதன் பலன் இங்கேதான்: இன்று தப்பினவன் நாளையோ மறுநாளோ சிக்குவான். வாரத்துக்கு மூன்று டெஸ்ட், பெரும்பாலும் பிசிஆர் என்கிற எஸ்இசி முறையில் டெஸ்ட் கூர்மை, ஆனால் நடுவில் ஓட்டை பெரிசு.

இப்போது பிக் டென் அறிக்கையில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி. ஏழு நாள் சராசரியாக இரண்டு விகிதம் பார்க்கிறார்கள். ஒன்று, பாசிட்டிவ் டெஸ்டுகள் வகுத்தல் மொத்த டெஸ்டுகள்: 2 சதவீதம் வரை பச்சை, 5 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இரண்டு, பாசிட்டிவ் ஆட்கள் வகுத்தல் மொத்த ஆட்கள்: 3.5 வரை பச்சை, 7.5 வரை ஆரஞ்சு, மேலே சிவப்பு. இரண்டும் சிவப்பானால்தான் கட்டாயமாக ஏழு நாள் நிறுத்தம்.

170 பேர், ஏழு நாள், 1,190 டெஸ்ட். அதில் 5 சதவீதம் என்றால் 60 பாசிட்டிவ். ஆள் கணக்கில் சிவப்புக்கு 13 பேர் போதும். டெஸ்ட் கணக்கில் சிவப்பு வர 60 பேர் விழ வேண்டும்! தினமும் டெஸ்ட் செய்வதே பின்னத்தின் கீழ் எண்ணை ஊதிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு டெஸ்ட் என்ற காலத்து வரம்பை தினசரி டெஸ்டுக்கு அப்படியே ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. கட்டாய நிறுத்தம் என்பது காகிதத்தில்தான். நடைமுறையில் அந்தந்தக் கல்லூரி டாக்டரின் மனசாட்சி.

நாலாவது டவுன் · 18 செப்டம்பர் 2020

இதை நான் ரெண்டு தடவை படிச்சும் கோட்டை விட்டிருக்கேன். ஒத்துக்கறேன். ஆனா 13 பேர் விழுந்த அணியில எந்த டாக்டரும் இறங்குன்னு சொல்ல மாட்டார், பார்த்துக்கிட்டே இருங்க.

ஈசிஜி காகிதம் · 18 செப்டம்பர் 2020

பிக் டென் ஆகஸ்டில் பயந்தது நுரையீரலுக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும். போன வாரம் வந்த ஒஹையோ ஸ்டேட் ஆய்வை எல்லோரும் ஒரு சதவீதமாக்கித் தூக்கித் திரிகிறார்கள். உள்ளே இருப்பது இதுதான். தொற்றிலிருந்து மீண்ட கல்லூரி ஆட்டக்காரர் 26 பேருக்கு இதய எம்ஆர்ஐ. யாரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் இல்லை. 4 பேரிடம் மயோகார்டிட்டிஸ், அதாவது இதயத்தசை அழற்சிக்கான அடையாளம். இன்னும் 8 பேரிடம் வீக்கம் இல்லை, ஆனால் தழும்பு மாதிரியான ஒரு சாயல்.

26 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, தொற்றே வராத ஆட்டக்காரர் குழு இல்லை. கடும் பயிற்சி செய்கிறவன் இதயம் சாதாரணமாகவே தடித்தும் பெருத்தும் இருக்கும். எம்ஆர்ஐயில் அதைப் பார்த்து மிரளாமல் படிக்கத் தெரிந்த கை எல்லா ஊரிலும் கிடையாது. ஆகவே 15 சதவீதம் என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலில்.

அதற்காக ஒதுக்கவும் முடியாது. அழற்சி இருக்கும்போது முழுவேகத்தில் ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே சரிந்துவிடக்கூடும். அதனால்தான் மயோகார்டிட்டிஸ் என்றால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சி கூடாது என்பது கொரோனாவுக்கு முந்தைய பழைய விதி. பிக் டென் வைத்திருக்கும் வரிசை: ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் கசியும் புரதம்) போன்ற குறிகள், ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ. நான்கும் தேறி, இதய மருத்துவர் கையெழுத்திட்டு, பாசிட்டிவ் வந்து குறைந்தது 21 நாள் கழிந்தால்தான் ஆட்டம். வேறு எந்தப் பெரிய கான்ஃபரன்ஸும் எல்லோருக்கும் எம்ஆர்ஐ கேட்கவில்லை.

மூணு பாயின்ட் ஸ்டான்ஸ் · 20 செப்டம்பர் 2020

எல்லாரும் மைதானத்தைப் பாக்கறீங்க. வைரஸ் உட்கார்ந்திருக்கறது ரூம்ல.

ஒரு ஆட்டத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் 140 பிளே (பந்து உயிரோட ஓடி நிக்கற ஒரு சுற்று). ஒரு பிளே 6 செகண்டு. ஆக பந்து உயிரோட இருக்கற நேரம் 14 நிமிஷம். ஒரு லைன்மேன் (எதிராளியோட நேருக்கு நேர் மோதற முன்வரிசைக்காரன்) அதுல பாதிதான் உள்ள இருப்பான். எதிராளி முகத்துக்கு நேரா மூச்சு விடறது ஏழு நிமிஷம், அதுவும் திறந்த வெளியில. "ஆறடிக்குள்ள 15 நிமிஷம்"ங்கற சிடிசி (அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்) கணக்குல அவன் நெருங்கின தொடர்பே இல்லை. அதே பையன் வாரம் முழுக்க வீடியோ பாக்கற ரூம்ல தினமும் மணிக்கணக்கா ஜன்னல் இல்லாம உட்கார்ந்திருக்கான். சாப்பாட்டு ஹாலு, பஸ்ஸு, ரூம்மேட்டு, சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி. எல்லாம் அங்கதான்.

குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவன்) ரூமை எடுத்துக்கங்க. நாலு பசங்க, ஒரு கோச். ஒருத்தனுக்கு வந்தா மத்தவங்க எல்லாம் நெருங்கின தொடர்பு, 14 நாள் வீட்டுக்குள்ள. நெகட்டிவ் காட்டி வெளிய வர முடியாது, ஏன்னா வைரஸ் பதுங்கற காலமே 14 நாள் வரைக்கும் போகலாம். ரெண்டு சனிக்கிழமை காலி. அதனால புத்திசாலியான அணி என்ன பண்ணணும்னா:

நாலாவது குவார்ட்டர்பேக்கைத் தனியாப் பிரிச்சு, மீட்டிங் ஜூம்ல, லாக்கர் வேற ரூம்ல, சாப்பாடு பொட்டலத்துல. அவன் எமர்ஜென்சி டயர். லைன்மேன்ல முதல் வரிசை ஐஞ்சு பேரை ஒரே பக்கம் உட்கார வெக்கவே கூடாது. முதல் வரிசை லெஃப்ட் டேக்கிள் பக்கத்துல ரெண்டாம் வரிசை கார்டு, இப்படிக் கலந்து, இடம் மாறாம. யார் எங்க உட்கார்ந்தான்னு தினமும் போட்டோ எடுத்து வெக்கணும். பத்து நாள் கழிச்சுத் தொடர்பு விசாரிக்க வர்றவருக்கு நினைவு பத்தாது, போட்டோ பேசும். பஸ்ஸுல பாதி சீட்டு, சீட் நம்பர் எழுதி வெச்சு. ஹோட்டல்ல ஆளுக்கு ஒரு ரூம். தண்ணி பாட்டில் பேர் எழுதி. லிஃப்ட்ல நாலு பேருக்கு மேல வேணாம்.

எஸ்இசி விதிப்படி ஒரு ஆட்டம் நடக்க ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் 53 பேர் தேறணும், அதுல அஃபென்சிவ் லைன் 7, டிஃபென்சிவ் லைன் 4, குவார்ட்டர்பேக் 1. மொத்த ஸ்காலர்ஷிப் 85ல 53 சுலபமாத் தேறும். அந்த 7உம் 4உம்தான் கழுத்தைப் பிடிக்கும். சீசனைக் கவுக்கப்போறது பாசிட்டிவ் எண்ணிக்கை இல்லை, ஒரே ரூம்ல உட்கார்ந்த பத்து தடியன்கள்.

திண்ணைவாசி · 20 செப்டம்பர் 2020

உபயோகமான பதிவு. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு 19 வயதுப் பையன் மூன்று மாதம் யாரையும் பார்க்காமல் அறையில் தின்று, தூங்கி, டெஸ்ட் கொடுத்து, ஆடிவிட்டு வர வேண்டும் என்கிறது. இதற்குப் பெயர் மாணவர் வாழ்க்கை என்றால் சரி.

மூணு பாயின்ட் ஸ்டான்ஸ் · 18 அக்டோபர் 2020

ஃப்ளோரிடா இந்த வாரம் அடங்கிடுச்சு. போன சனிக்கிழமை டெக்சஸ் போய் ஆடித் தோத்தாங்க. கோச் மல்லன் "ஸ்டேடியத்தை 90,000 பேரால நிரப்புங்க"ன்னாரு. செவ்வாய்க்கிழமை பயிற்சி நிறுத்தம், எல்எஸ்யு ஆட்டம் டிசம்பர் 12க்குத் தள்ளிவைப்பு, நேத்து மல்லனுக்கே பாசிட்டிவ். வெளியூர்ப் பயணம், விமானம், ஹோட்டல். ரூம்ல இருக்குன்னு சொன்னேனா இல்லையா?

பிசிஆர் பித்தன் · 18 அக்டோபர் 2020

அதே வாரத்தில் அலபாமாவில் நேர் எதிர்க் கதை. புதன்கிழமை கோச் நிக் சேபனுக்கு பாசிட்டிவ். அறிகுறி இல்லை. எஸ்இசி விதியில் அறிகுறி இல்லாதவருக்கு 24 மணி நேர இடைவெளியில் மூன்று பிசிஆர் நெகட்டிவ் வந்தால் முதல் முடிவைப் பொய் பாசிட்டிவ் என்று தள்ளிவிடலாம். மூன்றும் நெகட்டிவ். சனிக்கிழமை மைதானத்தில் நின்றார். பொய் பாசிட்டிவ் பிசிஆரிலும் வரும், பெரும்பாலும் மாதிரி கலந்துபோவதால். சேபனுக்கு தினமும் மறு டெஸ்ட் செய்ய ஆள் உண்டு. சின்னக் கல்லூரியின் மூன்றாம் வரிசைத் தடுப்பு ஆட்டக்காரனுக்கு உண்டா என்று பாருங்கள்.

நாலாவது டவுன் · 1 நவம்பர் 2020

விஸ்கான்சின். 23ஆம் தேதி முதல் ஆட்டம், இல்லினாயை 45-7ன்னு துவைச்சாங்க. புதுப் பையன் கிரஹாம் மெர்ட்ஸ் 21 பாஸ்ல 20 சரி, ஐஞ்சு டச்டவுன். மறுநாளே அவருக்குப் பாசிட்டிவ். புதன்கிழமை கணக்கு 12: ஆட்டக்காரர் ஆறு, கோச் பால் க்ரிஸ்ட் உள்பட ஊழியர் ஆறு. நேத்து 22. நெப்ராஸ்கா ஆட்டம் ரத்து. பித்தன் சார் போட்ட கணக்குப்படி கட்டாய நிறுத்தம் வரலை, 12லேயே தானா நிறுத்திட்டாங்க. நான் சொன்ன டாக்டர் மனசாட்சி வேலை செஞ்சுது.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். 21 நாள்னா மெர்ட்ஸ் நவம்பர் 14க்குத்தான் திரும்பலாம். எட்டு வாரத்துல ஓய்வு வாரமே வெக்காத அட்டவணையில, ரத்தானா ரத்துதான். தள்ளிவைக்க இடமே இல்லை. ஆகஸ்டுல நிறுத்தி அக்டோபர்ல ஆரம்பிச்சதுக்கான விலை அது. செப்டம்பர்ல ஆரம்பிச்சவங்க ஃப்ளோரிடா ஆட்டத்தை டிசம்பருக்குத் தள்ள முடிஞ்சுதுல்ல?

ஈசிஜி காகிதம் · 1 நவம்பர் 2020

ட்ரெவர் லாரன்ஸுக்கும் இந்த வாரம் பாசிட்டிவ். ஏசிசியில் தனிமை 10 நாள், பிறகு இதயப் பரிசோதனை. நவம்பர் 7 நோட்ர டாம் ஆட்டத்துக்கு அவர் வர மாட்டார். பிக் டென்னில் இருந்திருந்தால் 21 நாள். ஒரே நோய், ஒரே வயது, கான்ஃபரன்ஸ் கோட்டைத் தாண்டினால் நாள் இரட்டிப்பு.

திண்ணைவாசி · 16 நவம்பர் 2020

கலிஃபோர்னியா பார்த்தீர்களா? பெர்க்லியில் ஒரே ஒரு பையனுக்குப் பாசிட்டிவ். நகரச் சுகாதாரத் துறை தொடர்பு விதியைக் கறாராகப் போட்டது. டிஃபென்சிவ் லைன் மொத்தமும் வீட்டுக்குள். நவம்பர் 7 வாஷிங்டன் ஆட்டம் ரத்து. மூணு பாயின்ட் சொன்ன "பத்து தடியன்கள்" எழுத்துக்கு எழுத்து நடந்தது. பிறகு எதிரணி இல்லாமல் நின்ற கேலும் (அதே பெர்க்லி அணி) யூசிஎல்ஏவும் இரண்டே நாளில் ஒப்பந்தம் போட்டு, நேற்று ஞாயிறு காலை 9 மணிக்கு ரோஸ் போல் மைதானத்தில் ஆடின. எதிராளியின் வீடியோ பார்க்கக்கூட நேரமில்லை. காப்பி ஆறுவதற்குள் ஃபுட்பால்.

மூணு பாயின்ட் ஸ்டான்ஸ் · 29 நவம்பர் 2020

இந்த ரெண்டு வாரத்துக் கதை:

21ஆம் தேதி கிளெம்சன், ஃப்ளோரிடா ஸ்டேட் ஊர் வரைக்கும் வந்தாச்சு. ஆட்டம் ஆரம்பிக்க சில மணி நேரம் இருக்கறப்ப ரத்து. கூட வந்த ஒரு லைன்மேனுக்கு வாரத்துல அறிகுறி இருந்திருக்கு, ரெண்டு டெஸ்ட் நெகட்டிவ், விமானத்துல ஏத்தியாச்சு, வெள்ளிக்கிழமை டெஸ்ட் பாசிட்டிவ். பித்தன் சார் சொன்ன "இன்னிக்கு தப்பினவன் நாளைக்கு சிக்குவான்" இதுதான். அறிகுறி இருந்தா நெகட்டிவை நம்பி வண்டியில ஏத்தக் கூடாது.

நேத்து வாண்டர்பில்ட்ல கிக்கர்கள் தொடர்பு விதியில மாட்டினதால பெண்கள் சாக்கர் அணி கோல்கீப்பர் சாரா ஃபுல்லர் வந்து உதைச்சாங்க. பெரிய ஐஞ்சு கான்ஃபரன்ஸ்ல ஆடின முதல் பெண். நல்ல விஷயம்தான், ஆனா காரணத்தைப் பாருங்க: கிக்கர், பன்ட்டர் எல்லாரும் ஒரே மூலையில ஒண்ணாவே பயிற்சி பண்ற கூட்டம். எமர்ஜென்சி டயர் இங்கயும் வேணும்.

அப்புறம் சான்டா கிளாரா மாவட்டம் நாளையிலிருந்து மூணு வாரம் மோதல் விளையாட்டு பயிற்சிகூடக் கூடாதுன்னுடுச்சு. ஸ்டான்ஃபோர்டு மூட்டை கட்டணும்.

புதுக்குடித்தனம் · 29 நவம்பர் 2020

வீட்டுல இருக்கச் சொல்ற உத்தரவுக்கு வெளியூர் போறது எந்த ஊர் நியாயம்?

திண்ணைவாசி · 29 நவம்பர் 2020

அட்டவணை ஊர் நியாயம்.

நாலாவது டவுன் · 10 டிசம்பர் 2020

சாம்பியன்ஷிப் ஆட ஆறு ஆட்டம் முடிச்சிருக்கணும்னு பிக் டென்னே விதி போட்டுச்சு. ஒஹையோ ஸ்டேட் அஞ்சுதான். மேரிலாண்ட் பக்கம் தொற்றால ஒண்ணு போச்சு, தங்கள் தொற்றால இல்லினாய் போச்சு, இந்த சனிக்கிழமை மிச்சிகன் தொற்றால அதுவும் போச்சு. நேத்து விதியையே எடுத்துட்டாங்க. எனக்கே சங்கடமா இருக்கு. அதே விதியில வேற யாராவது சின்ன அணி மாட்டியிருந்தா எடுத்திருப்பாங்களா?

மிச்சிகன்-ஒஹையோ ஸ்டேட் ஆட்டம் 1918லேருந்து ஒரு வருஷம்கூட விடாம நடந்தது. 1918, ஸ்பானிஷ் ஃப்ளூ வருஷம். அந்தத் தொற்றுல தொடங்கின சங்கிலி இந்தத் தொற்றுல அறுந்துடுச்சு.

பிசிஆர் பித்தன் · 10 டிசம்பர் 2020

1918ஐ ஆதரவுக்கு இழுக்காதீர்கள். அன்று பாதி சீசன் ரத்து. மிச்சிகன் மொத்தமே ஐந்து ஆட்டம்தான் ஆடியது. 1919 ரோஸ் போல் ஆட்டத்தில் ஆடியவை கல்லூரிகளே அல்ல, மேர் ஐலண்ட் மரைன் படையும் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளமும். அன்று டெஸ்ட் கிடையாது. யாருக்கு வந்தது என்று தெரியாமலேயே ஆடினார்கள்.

ஈசிஜி காகிதம் · 30 மே 2021

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். பென்சிலில் எழுதச் சொன்ன எண்ணுக்கு இந்த வாரம் பேனா வந்துவிட்டது.

பிக் டென் கல்லூரிகள் 13இன் பதிவேடு, ஜாமா கார்டியாலஜி என்ற மருத்துவ இதழில். தொற்று வந்த 1,597 ஆட்டக்காரருக்கு இதய எம்ஆர்ஐ. மயோகார்டிட்டிஸ் 37 பேர், 2.3 சதவீதம். அறிகுறி உள்ளவர் 9 பேர்தான். இதய அறிகுறியை மட்டும் நம்பிச் சோதித்திருந்தால் 5 பேரைத்தான் பிடித்திருப்பார்கள். எனவே எம்ஆர்ஐ வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி விகிதம் 0 முதல் 7.6 வரை போகிறது. வைரஸ் மாவட்ட எல்லையில் குணம் மாறாது. இயந்திரமும் படிப்பவர் கண்ணும்தான் மாறுகிறது.

42 கல்லூரிகளின் இன்னொரு பதிவேட்டில் 3,018 பேர், எல்லோருக்கும் எம்ஆர்ஐ இல்லை. இதயப் பாதிப்பு உறுதி அல்லது சந்தேகம் 21 பேர், 0.7 சதவீதம். தேடுகிற ஆழத்துக்குத் தகுந்த எண் கிடைக்கிறது.

நாலாவது டவுன் · 30 மே 2021

அப்ப 21 நாள் தேவைப்பட்டுதா இல்லையா? டிசம்பர் நடுவுல 17 ஆக்கினாங்களே. கடைசியில தேசிய இறுதி ஆட்டத்துல மோதினப்ப அதோட சேர்த்து அலபாமா 13 ஆட்டம், ஒஹையோ ஸ்டேட் எட்டு. 52-24ன்னு அலபாமா ஜெயிச்சுது.

ஈசிஜி காகிதம் · 30 மே 2021

எம்ஆர்ஐ எடுக்கும் நாளைப் பொறுத்தது. பத்தாம் நாளுக்கு முன் எடுத்தால் தனிமை விதி முடியாத பையனை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போக வேண்டும், ஊழியருக்கு ஆபத்து. ரொம்பத் தள்ளி எடுத்தால் வீக்கம் வடிந்து போயிருக்கும். 17 போதும் என்று ஆக்கியது எனக்குத் தவறாகப் படவில்லை. தவறு, அதை சாம்பியன்ஷிப் வாரத்தில் செய்தது. சரியான மருத்துவத்துக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

திண்ணைவாசி · 31 மே 2021

உயர்மட்டத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் கல்லூரிகள் பெரும்பாலும் வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டு ஆடின. மே 16 அன்று இறுதி ஆட்டம், சாம் ஹூஸ்டன் 23, சவுத் டகோட்டா ஸ்டேட் 21. வானம் இடிந்து விழவில்லை. அதற்குள் தடுப்பூசியும் வந்தது. ஆனால் அவர்கள் இதே செப்டம்பரில் மறுபடி இறங்க வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு சீசன் மோதலை முழங்காலும் தலையும் தாங்குமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஈசிஜி அவர்களே, ஒரு கேள்வி. அந்த 37 பேரில் தழும்பு போகாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனபின் யார் பார்ப்பார்கள்?

ஈசிஜி காகிதம் · 31 மே 2021

27 பேருக்கு மறு எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்கள். வீக்கம் 27 பேருக்கும் போய்விட்டது. தழும்புச் சாயல் 11 பேருக்கு மறைந்தது, 16 பேருக்கு இருக்கிறது. அது என்ன செய்யும் என்று சொல்ல வருஷங்கள் வேண்டும்.

அப்படிப்பட்ட பையன் யாராவது இதைப் படித்தால்: மறுபடி ஆடும் முன் ட்ரோபோனின் இயல்பு, எக்கோ இயல்பு, 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் கட்டிய கருவியில் இதயத்துடிப்புப் பதிவு), முழுவேக ஓட்டத்தில் ஈசிஜி, இவை நான்கும் வேண்டும். கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்காதீர்கள். இரண்டு எம்ஆர்ஐயின் படங்களையும் சிடியில் கேட்டு வாங்குங்கள், தேதியோடு. அடுத்த ஊரில் மூன்றாவது எம்ஆர்ஐ பார்க்கிறவருக்கு "சிறு தழும்பு உள்ளது" என்ற வரியால் பயனில்லை. தழும்பு அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய படம் வேண்டும்.